பகைப்புலம் புகுந்த பயணியர்

1767ஆம் ஆண்டுக்கும் 1799ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில், இன்று நாம் சாமல்பட்டி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை என்று வழங்கும் ஊர்களின் மண்ணில் வாழ்ந்த உழவர் ஒருவர், தம் நிலத்தை விட்டு ஓரடியும் பெயராமலேயே மூன்று நிலைகளைக் கண்டிருப்பார். முதலில் அவர் மைசூர் அரசின் கீழைக் கோடியில் இருந்தார். கிழக்கே கணவாயைத் தாண்டினால் ஆர்க்காட்டு நவாபின் சீமை. அதாவது பகைவர் நாடு. 1792க்குப் பின் அவர் ஆங்கிலக் கும்பினியின் குடியானார். இப்போது பகைவர் நாடு மேற்கே, இராயக்கோட்டை மேட்டுக்கு அப்பால் போய்விட்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அந்தப் பகைவர் நாடும் இல்லாமற் போயிற்று. அவர் உழுத நிலம் அதேதான்; விளைந்த கேழ்வரகும் அதேதான். நகர்ந்தது எல்லை மட்டுமே.

பயண நூல்களைப் படிக்கும்போது பயணி எங்கே போனார், எதைக் கண்டார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அந்த வழியை அவருக்கு யார் திறந்துவிட்டார்கள் என்று கேட்பது அரிது. நேற்றுவரை பகைவருடையதாக இருந்த நாட்டுக்குள் வழிப்போக்கராக நுழைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது. நம் வட்டாரத்திலேயே அப்படி நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓவியங்களும் குறிப்பேடுகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு இந்தக் கேள்வியைச் சற்றே தொடர்ந்து பார்ப்போம்.

இரண்டு சொற்கள்

எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்துக்குப் பழந்தமிழ் மரபு இரண்டு பெயர்களை வழங்கியிருக்கிறது. புறத்திணை மரபில் அது பகைப்புலம். வெட்சி மறவர் ஆநிரை கவரப் புகுவதும், வஞ்சி சூடிய வேந்தன் படை நடத்துவதும் அங்கேதான். அகத்திணையின் பாலைப் பாடல்களில் அதுவே மொழிபெயர் தேயம். பொருள் தேடிப் போகும் தலைவன் வேங்கடத்துக்கு அப்பால், மொழி வேறாகும் நாட்டுக்குள் நடக்கிறான். அங்கே அவனுக்குப் பகைவர் என்று எவரும் இல்லை. வெயிலும் வழிப்பறியும் தனிமையுமே உண்டு. நிலம் ஒன்றுதான். வாளோடு போகிறவனுக்கு அது பகைப்புலம், பொருள் தேடிப் போகிறவனுக்கு மொழிபெயர் தேயம்.

இந்த இரண்டு சொற்களும் நம் பகுதிக்கு வெறும் இலக்கண வழக்குகள் அல்ல. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலப்பகுதி. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அக்கற்களின் வாசகங்கள் மிகச் சிக்கனமானவை. எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, எந்த ஊர் மீது யார் தொறு கொண்டார்கள், அதை மீட்டு வீழ்ந்தவன் யார் என்பவற்றோடு அவை நின்றுவிடும். எதிரி கொடியவன் என்றோ, அவன் நாடு இழிந்தது என்றோ கல் சொல்வதில்லை. எடுத்தனூர் நடுகல்லில் தலைவன் இறந்த பின்னும் நின்று காத்த கோவிவன் என்ற நாய்க்குக்கூட இடம் உண்டு; வசைக்கு இடமில்லை. நம் மண்ணில் எல்லை கடந்த பூசல்களைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்கள் இவையே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

எல்லை நகர்ந்த வரலாறு

பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதியையும் திருப்பத்தூர்ப் பக்கத்தையும் உள்ளடக்கிய பழைய பெயர். பன்னிரண்டு மகால்கள், அதாவது பன்னிரண்டு கோட்டைகளும் அவற்றைச் சார்ந்த சீமைகளும் என்பது மரபு வழிப் பொருள். நிலவியல் நோக்கில் இது ஒரு படிக்கட்டின் நடுப்படி. மேலே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஓசூர் மேட்டுநிலம். அதைப் பாலகாட் என்றார்கள். கீழே ஆர்க்காட்டுச் சமவெளி, அது பாயின்காட். நடுப்படியிலிருந்து கீழே இறங்க ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் கணவாய். மேலே ஏற இராயக்கோட்டை வழி. மைசூருக்கும் சென்னைக்கும் பகை மூண்ட போதெல்லாம் இந்த நடுப்படி மிதிபட்டது.

1767 செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தில் கர்னல் ஸ்மித்தின் படையும் ஐதர் அலியின் படையும் மோதின. 1768இல் கிருஷ்ணகிரி கும்பினியின் கைக்கு வந்தது. 1769ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துக்கொண்டன. 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை இதே செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கியது. ‘ஐதர் கலாபம்’ என்று தமிழகத்து முதியோர் நாவில் நெடுங்காலம் நின்ற சொல், அவர் காலத்துப் படையெழுச்சிகளின் நினைவுதான். 1791இல் கதை திசை மாறியது. ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கியவர்கள் பேட்டையைப் பிடித்தும் மலைமேற் கோட்டையை எட்ட இயலாமல் பின்வாங்கினர். போரால் கிடைக்காத அந்தக் கோட்டை காகிதத்தால் கிடைத்தது. 1792 மார்ச் 18ஆம் நாள் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகால் முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தது.

அதன் பின் வந்த நிர்வாகி அலெக்சாண்டர் ரீடு. போர்க்காலத்தில் மைசூர் எல்லைக்குள் ஒற்றர்களை அனுப்பித் தகவல் திரட்டியவர் இவரே. வேவு பார்த்தவர் வரி வாங்க வந்தது தற்செயல் அன்று. நாட்டைப் பற்றிய அறிவு இரண்டுக்கும் தேவை. இவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ ஏழாண்டுகள் இங்கே வயல் வயலாக அளந்து திரிந்தார். இரயத்துவாரி முறையின் வேர் இங்கேதான் பிடித்தது. தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றி மன்றோ தம் சகோதரிக்கு எழுதிய கடிதங்களில் உண்மையான ஏக்கம் இருக்கிறது. பகைவரின் மண் மிக விரைவில் சொந்தத் தோட்டமாகிவிடும்; அதன் குடிகள் அவ்வளவு விரைவில் சொந்த மக்களாகிவிடுவதில்லை.

தூரிகையோடு வந்தவர்கள்

உடன்படிக்கையின் மை உலர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1792 ஏப்ரலில் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். 1786 முதல் கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு வட இந்தியாவைச் சுற்றி வரைந்தவர்கள் இவர்கள். தங்கள் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்று, அந்தப் பணத்தில் தென்னாட்டுப் பயணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். காரன்வாலிஸின் படைகள் நடந்த வழியைப் பெரும்பாலும் பின்பற்றிப் பாராமகாலுக்குள் வந்தார்கள். மாட்டு வண்டிகளும் பீரங்கிகளும் அகலப்படுத்திய பாதையில் இப்போது பல்லக்கும் வண்ணப் பெட்டியும் வந்தன.

அவர்கள் வரைந்தவற்றில் இராயக்கோட்டை உண்டு, வீரபத்திர துர்க்கம் உண்டு, செகதேவி மலைக்கோட்டை உண்டு, ஓசூரும் உண்டு. இங்கிலாந்து திரும்பியபின் கீழைத் தேயக் காட்சிகள் என்ற பொருள்படும் பெருந்தொகுப்பாக இவற்றைச் செப்புத் தகட்டு அச்சில் வெளியிட்டார்கள். அதன் மூன்றாம் வரிசை 1801இல் வரத் தொடங்கிய இருபத்து நான்கு நிலக்காட்சிகளைக் கொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைகள் உலகின் கண்ணுக்கு முதன்முதலில் பரவலாகச் சென்றது இந்த அச்சுப் படங்களின் வழியாகத்தான் என்று சொல்லலாம்.

இந்தப் படங்களைப் பார்க்கும் உள்ளூர்க்காரருக்கு முதலில் தோன்றுவது மகிழ்ச்சி. வெறும் பாறைத் திரளாக வானில் எழும் அந்தக் குன்றுகளை அவர்கள் பிழையின்றிப் பிடித்திருக்கிறார்கள். கல்குவாரிகள் இப்பகுதியின் பல குன்றுகளைத் தின்றுவிட்ட இன்றைய நிலையில் அவை ஆவணங்களாகவும் ஆகிவிட்டன. இரண்டாவதாகத் தோன்றுவது ஒரு குழப்பம். சில மாதங்களுக்கு முன்புவரை இந்தக் குன்றுகளைச் சுற்றிப் போர் நடந்தது. படங்களிலோ அமைதி. மலை பெரியது, மனிதர் சிறியவர். கோட்டைகள் எப்போதோ கைவிடப்பட்டவை போல மலையோடு மலையாகக் கிடக்கின்றன. பகைவரின் நாடு பார்த்து மகிழ்வதற்குரிய காட்சியாக மாற எடுத்துக்கொண்ட காலம் ஒரு பருவம் மட்டுமே.

டேனியல்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் ஓவியர்கள், ஒளியையும் பாறையையும் நேர்மையாகக் கண்டார்கள். ஆனால் அந்தப் படங்களுக்கு இலண்டனில் வாங்குவோர் இருந்ததற்குக் காரணம், இந்த மலைப் பெயர்கள் போர்ச் செய்திகளாக ஏற்கெனவே அங்கே பழகியிருந்தன என்பதே. படம் வெளிவந்த ஆண்டில் திப்பு உயிரோடு இல்லை. அச்சத்தோடு படிக்கப்பட்ட பெயர்களை இனி அமைதியாகச் சுவரில் மாட்டலாம்.

கேள்விகளோடு வந்தவர்

1799 மார்ச் 5ஆம் நாள் ஜெனரல் ஹாரிஸின் படை இராயக்கோட்டைப் பக்கமாக மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன் மதிலைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்டு, 1780இல் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு அதே பட்டணத்தின் சிறையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர். அவருக்கு அது முதல் முறை எல்லை கடப்பு அன்று. வெற்றியாளர்களின் பங்கீட்டில் ஓசூர் மேட்டுநிலம் கும்பினிக்கு வந்து சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. நடு மைசூர் பழைய உடையார் குலத்துச் சிறுவனின் பெயரால் மீண்டும் அரசாயிற்று.

இனி என்ன செய்வது என்று அறிய, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஒரு மருத்துவரை அனுப்பினார். ஸ்காட்லாந்துக்காரரான பிரான்சிஸ் புக்கானன் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், தாவரவியலில் தோய்ந்தவர், 1795இல் பர்மாவுக்குத் தூதுக்குழுவுடன் போய்வந்தவர். 1800 பிப்ரவரியில் அவருக்கு ஆணை கிடைத்தது. முதன்மையாக வேளாண்மையை ஆராய வேண்டும். பிறகு கால்நடை, பருத்தி, மிளகு, சந்தனம், ஏலம், சுரங்கம், நெசவு, தட்பவெப்பம், குடிகளின் நிலை. 1800 ஏப்ரல் 23ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர் வழியாகப் பெத்தநாயக்கன் துர்க்கக் கணவாயில் மலையேறி மைசூர் மேட்டுநிலத்துக்குள் நுழைந்தார். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், பாலக்காடு, மலபார், கன்னடக் கரை என்று சுற்றி, திரும்புகையில் இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியாக நம் பாராமகாலுக்குள் இறங்கி, 1801 ஜூலையில் சென்னை சேர்ந்தார். மூன்று பெருந்தொகுதிகளாக 1807இல் அந்த நூல் இலண்டனில் வெளிவந்தது.

படிப்பதற்குச் சுவையான நூல் என்று யாரும் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் தேதி, ஊர், மண்ணின் நிறம், பயிர், விதையளவு, குத்தகைப் பங்கு, கூலி, சாதி, தறி, கிணறு. ஆனால் அந்தச் சலிப்புக்குள்தான் அதன் பெருமை இருக்கிறது. டேனியல்கள் தூரத்திலிருந்து மலையைப் பார்த்தார்கள். புக்கானன் வயலுக்குள் இறங்கினார். கேழ்வரகை அவரைப்போல் விரிவாக எழுதிய வெளிநாட்டார் அக்காலத்தில் வேறு யாரையும் நாம் அறியோம். எப்போது உழுகிறார்கள், எப்படி விதைக்கிறார்கள், நடுநடுவே சால்விட்டு அவரையும் துவரையும் எப்படிக் கலக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. புன்செய் நிலத்தின் முதன்மைப் பயிர் அதுவே, எளிய மக்களின் உணவும் அதுவே என்று அவர் எழுதினார். கேழ்வரகுக் களியை அறிந்த ஊத்தங்கரைக்காரருக்கு அந்தப் பக்கங்களில் எல்லை எதுவும் தென்படாது.

எல்லை தென்படும் இடம் வேறொன்று. பெங்களூர் வணிகர்களிடம் அவர் கேட்டறிந்த செய்தி இது: திப்பு தம் பகைவர்களான ஐதராபாத் நிசாமின் நாட்டோடும் ஆர்க்காட்டுச் சீமையோடும் வணிகம் கூடாது என்று தடை விதித்திருந்தார். அதனால் பெங்களூர் நொடித்துப் போயிற்று. போர் முடிந்ததும் வணிகர்களும் நெசவாளர்களும் மீண்டும் வந்து சேரத் தொடங்கினர். பகைப்புலம் என்ற சொல் அரசாணையாக மாறினால் சந்தையில் என்ன நேரும் என்பதற்கு இது ஒரு நேரடிச் சான்று.

புக்கானன் கும்பினியின் ஊழியர். திப்புவின் ஆட்சியைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் கடுமையானவை. வென்றவர்கள் கேட்க விரும்பியதும் அதுதான். ஆனால் அவர் குறிப்பேட்டில் தீர்ப்புகளோடு குடிகளின் பதில்களும் இருக்கின்றன. இரண்டும் எப்போதும் ஒத்துப் போவதில்லை. பாழான ஊர்களைக் கண்டு காரணம் கேட்கும்போது, 1791, 1792ஆம் ஆண்டுகளின் போரைச் சுட்டிக்காட்டுகிறார்கள். காரன்வாலிஸின் படையெடுப்பும், கும்பினியின் கூட்டாளியாக வந்த பரசுராம் பாவுவின் மராத்தியப் படை நடந்த பாதையும், அதைத் தொடர்ந்த பட்டினியும் அவர்கள் வாய்மொழியில் வருகின்றன. பகைவரின் படைக்கு எதுவும் கிடைக்காதபடி திப்புவின் ஆட்களே ஊர்களை வெறுமையாக்கியதும் உண்டு. பாழ்பட்ட நாட்டுக்குக் காரணம் ஒருவர் மட்டும் அல்லர் என்பதைத் தம் முதலாளிகளின் செலவில் புக்கானன் பதிவு செய்துவிட்டார்.

இதற்கு எதிர்ச்சான்றாக நிற்பது எட்வர்டு மூரின் நூல். 1790, 1791ஆம் ஆண்டுகளில் மராத்தியரோடு சேர்ந்து திப்புவை எதிர்த்த ஆங்கிலப் படைப்பிரிவில் இருந்தவர் அவர்; நூல் 1794இல் வந்தது. அறியாத நாட்டில் பயணம் செய்யும் ஒருவர் நன்கு உழப்பட்ட நிலங்களையும், உழைப்பு மிக்க மக்களையும், வளரும் ஊர்களையும் கண்டால் அந்த ஆட்சி மக்களுக்கு இசைந்தது என்றே எண்ணுவார், திப்புவின் நாடு அப்படித்தான் இருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். போரிட வந்த பகைவர் தம்மை ஒரு வழிப்போக்கராகக் கற்பனை செய்து பார்த்தபோதுதான் அந்த நாடு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து உண்மையான வழிப்போக்கர் வந்தபோது, மூர் கண்ட வளத்தில் பெரும்பகுதி போரில் போயிருந்தது.

புக்கானனின் பதில்களும் முழுமையானவை அல்ல. மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே அவர் கேட்டார். காவலும் கும்பினியின் முத்திரையும் கொண்டு வரும் ஒருவர், நீ எவ்வளவு விளைவிக்கிறாய் என்று கேட்டால், வரி போடத்தான் கேட்கிறார் என்று எந்தக் குடியானவருக்கும் தெரியும். கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்புகளைப் படிக்கும் நாமும் அந்தக் குடியானவரின் தயக்கத்தைச் சேர்த்தே படிக்க வேண்டும். மொழிபெயர் தேயத்துக்குள் வந்தவர்தான் புக்கானன். எனினும் பகைப்புலத்தை வென்ற வாளின் நிழலில் வந்தார்.

எதிர்த்திசையில் கடந்தவர்கள்

இதுவரை கிழக்கிலிருந்து மேற்கே போனவர்களைப் பார்த்தோம். மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்கள் யார்?

1792 பிப்ரவரி 26ஆம் நாள் திப்பு தம் இரு மைந்தர்களைக் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். அப்துல் காலிக்குக்கு வயது ஏறத்தாழப் பத்து, முயிசுத்தீனுக்கு எட்டு. ஒப்புக்கொண்ட மூன்று கோடி முப்பது இலட்சம் ரூபாயைத் தந்தை செலுத்தி முடிக்கும்வரை அவர்கள் சென்னையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஒப்படைப்புக் காட்சியை ராபர்ட் ஹோம் உள்ளிட்ட ஓவியர்கள் பலமுறை வரைந்தார்கள். குழந்தைகளின் கையைப் பற்றும் பெருந்தன்மையாளராகக் காரன்வாலிஸ் அதில் தோன்றுவார். பிள்ளைகள் எதைக் கண்டார்கள்? ஈராண்டுக் காலம் பகைவர் நகரில், கடலோரக் கோட்டையில் வாழ்ந்து, விருந்துகளிலும் வரவேற்புகளிலும் காட்சிப் பொருளாக இருந்த அந்தச் சிறுவர்களின் கண்ணுக்குச் சென்னை எப்படித் தெரிந்தது? 1794இல் தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்பச் சேர்ந்தபோது என்ன சொன்னார்கள்? அவர்கள் எழுதிய பயண நூல் எதுவும் நம் கையில் இல்லை.

1799இல் அவர்கள் மீண்டும் கிழக்கே வந்தார்கள். இம்முறை குடும்பம் முழுவதும் வந்தது. தந்தை இறந்துவிட்டார், வேலூர்க் கோட்டையே இருப்பிடம். அவர்கள் கடந்த எல்லை அதற்குள் எல்லையாக இருக்கவில்லை. வென்றவருக்கு இரு பக்கமும் ஒன்றே. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது திப்புவின் கொடி அந்தக் கோட்டையில் ஏறியது. எழுச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது. அரச குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. இளவரசர்களுக்கு அமைந்த பயணம் இவ்வளவுதான்: பிணை, சிறை, நாடு கடத்தல்.

அரச குடும்பத்துக்கே இதுதான் நிலை என்றால், கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் ஓடி ஒளிந்த குடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐதரின் குதிரைப்படைக்கு அஞ்சி ஓடியவர்களும், கும்பினிப் படைக்கு அஞ்சி ஓடியவர்களும் ஒரே காட்டில்தான் ஒளிந்திருப்பார்கள். அவர்களும் எல்லை கடந்தவர்களே. புக்கானனின் நூலில் அவர்கள் பதில்களாக மட்டும் வருகிறார்கள். டேனியல்களின் படங்களில் மலையடியில் ஒரு சிறு புள்ளியாக நிற்கிறார்கள். பழைய நடுகல்லில் வீழ்ந்தவனின் பெயராவது இருந்தது.

எல்லை இன்று

பகைக்கு நீண்ட ஆயுள் தேவையில்லை என்பதற்கும் இந்த மண்ணே சான்று. சென்னையிலிருந்து மேற்கு நோக்கி வந்த இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் சோலையார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி வழியாகச் சேலத்தை எட்டியது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை அமைந்தது. படைகள் பல நாள் நடந்த தூரம் சில மணி நேரமாயிற்று. 1878இல் ஓசூருக்கருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, கல்லூரிப் படிப்புக்குப் பெங்களூர் போனார். கும்பினிப் படை இராயக்கோட்டை எல்லையைக் கடந்து நூறாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பயணம் ஒரு மாணவனின் பயணம் என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லாத ஒன்றாகிவிட்டது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. பழைய கோட்டுக்கருகே புதிய கோடு ஒன்று மொழியின் பெயரால் உறுதிப்பட்டது. ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. 1970களில் சிப்காட் வந்தது முதல் தொழிற்சாலைகள் பெருகின. சாமல்பட்டி, ஊத்தங்கரை, மத்தூர்ப் பகுதிப் பிள்ளைகள் ஓசூருக்கும், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வாடகை, ஷிப்டு, பேருந்துக் கட்டணம் பற்றியே அவர்கள் கவலை. பகைப்புலம் என்ற சொல் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில்தான் எதிர்ப்படும்.

இருந்தும் அது இருமுறை தெருவில் எதிர்ப்பட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் எல்லை தாண்டி வந்தார்கள். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் கொளுத்தப்பட்டன. தமிழ்நாட்டிலும் கன்னடர்களின் கடைகளும் வண்டிகளும் தாக்குதலுக்கு உள்ளாயின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, கைக்குழந்தைகளோடும் பெட்டிகளோடும் மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே இரு திசையிலும் நடந்தே கடந்தார்கள். அன்று அவர்கள் நடந்த தார்ச்சாலையில் எந்த வேந்தனின் படையும் இல்லை. வண்டியின் எண் பலகை ஒன்றே பகைவனைக் காட்டப் போதுமானதாக இருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பயணம் பகையைத் தானாகத் தீர்த்துவிடும் என்ற ஆறுதலை அன்று. டேனியல்கள் பகைவர் நாட்டை அழகாக்கினார்கள். புக்கானன் அதைக் கணக்காக்கினார். இரண்டிலும் அறிவு உண்டு; இரண்டும் வென்றவரின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. ஆனால் புக்கானன் செய்த ஒரு செயலை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. அவர் உழவரிடம் போய் என்ன விதைத்தாய், எப்போது இழந்தாய், யாரால் இழந்தாய் என்று கேட்டார். தம் தீர்ப்புக்கு ஒவ்வாத பதிலையும் எழுதி வைத்தார். அதனால்தான் இருநூறு ஆண்டுகள் கழித்தும் அவரை அவருக்கு எதிராகவே நம்மால் படிக்க முடிகிறது.

அதே கேள்விகளை வரி போடும் நோக்கமில்லாத ஒருவர், அதிகாரமில்லாத ஒருவர், எல்லையின் இரு புறமும் மொழி அறிந்த ஒருவர் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படிக் கேட்கக்கூடியவர்கள் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய தந்தையர் லாரி ஓட்டி மைசூர் மண்டியை அறிந்தவர்கள். தாயர் பெங்களூர்க் கட்டட வேலையை அறிந்தவர்கள். 1991இல் இரவோடிரவாக வந்தவர்களும், 2016இல் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அன்று வழியில் தண்ணீர் கொடுத்தது யார், கதவைச் சாத்தியது யார், பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் என்ன செய்தது, திரும்பிப் போனபோது வேலை இருந்ததா, இதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஆய்வுப் பொருள் கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறோம். இந்த ஒரு தாலுகாவில் ஒரு குறிப்பேட்டோடு பத்து வீடுகளுக்குப் போனால் போதும். அவர்கள் சொல்லாக வைத்தால் அது மொழிபெயர் தேயத்தின் நூலாகும். சொல்லாமல் விட்டால், அடுத்த முறை எல்லையில் வண்டிகள் நிற்கும்போது, மீண்டும் யாரோ ஒருவருடைய படத்தில் அவர்கள் சிறு புள்ளிகளாகவே நிற்க நேரும்.